ரோஸ்டர் இல்லாத தலைமைத்துவம்: ஓராண்டுச் சில்லறை வணிக மேலாண்மைப் படிப்பு பற்றி ஒரு மதிப்பீடு

'சில்லறை வணிக மேலாண்மையும் தலைமைத்துவமும்' என்ற பெயரில் நடத்தப்படும் ஓராண்டுப் பட்டயப் படிப்பைச் சில மாதங்களுக்கு முன் முடித்தேன். சேருவதற்கு முன், இதைப் படித்தவர்கள் யாராவது விவரமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது, நிறுவனமே எழுதிக் கொடுத்ததுபோல் இருந்த நான்கு வரிப் புகழுரைகளைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. எனக்குக் கிடைக்காதது பிறருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சுட்டும் குறைகளில் பெரும்பாலானவை, நண்பர்கள் படித்த வேறு இரண்டு இடங்களின் பாடத்திட்டங்களிலும் அச்சு மாறாமல் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

படிப்பில் சேர்ந்தபோது எனக்குக் கடையில் எட்டு வருட அனுபவம் இருந்தது. முதல் மூன்று வருடம் பில்லிங் கவுன்ட்டரிலும், அடுத்த மூன்று வருடம் வீட்டு உபயோகப் பொருட்கள் பிரிவிலும், பிறகு ஃப்ளோர் சூப்பர்வைசராகவும் இருந்தேன். உதவி மேலாளர் பதவிக்கு ஆள் எடுத்தபோது 'துறை சார்ந்த பட்டயம் அவசியம்' என்று அறிவித்தார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஓர் இளைஞர், அந்தத் தாள் கையில் இருந்ததால், எனக்கு மேலே வந்து அமர்ந்தார். ஆகவே, கல்வியின் மீதிருந்த ஆசையைவிடக் கோபமே என்னைச் சேர வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணம் என்னுடைய இரண்டரை மாதச் சம்பளத்துக்குச் சமம். அதை மூன்று தவணைகளில் கட்டினேன்.

ஓராண்டில் இரண்டு பருவங்கள், பருவத்துக்கு நான்கு தாள்கள். வார நாட்களில் இரவில் இரண்டு இணைய வழி வகுப்புகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரடி வகுப்பு, கடைசியில் ஒரு செயல்திட்டம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே அமைத்தது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தாலும், நேரடி வகுப்புகள் அனைத்தையும் சனி, ஞாயிறுகளில் வைத்திருந்தார்கள். கடையில் வேலை செய்பவருக்குச் சனி ஞாயிறு விடுப்பு கிடைப்பது எவ்வளவு கடினம் என்று இந்தத் துறைக்கென்றே பாடத்திட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் போனது எப்படி என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. எங்கள் வகுப்பில் நாற்பது பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்லூரியை முடித்துவிட்டு நேராக வந்தவர்கள், எஞ்சியவர்கள் என்னைப் போல் கடையிலிருந்து வந்தவர்கள். இந்தக் கலவை நல்லதா கெட்டதா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பின் ஆகச் சிறந்த பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 'சில்லறை வணிகக் கணக்கு' என்ற தாள் ஒன்றுக்காகவே கட்டணத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம். அதை எடுத்தவர், பல வருடம் கொள்முதல் பிரிவில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். முதல் வகுப்பிலேயே கேட்டார்: "100-க்கு வாங்கியதை 150-க்கு விற்றால் மார்ஜின் எவ்வளவு?" நாற்பது பேரில் முப்பது பேராவது 50 சதவீதம் என்று எழுதியிருப்போம். அது மார்க்கப், அதாவது கொள்முதல் விலையின் மேல் ஏற்றியது. மார்ஜின் என்பது விற்பனை விலையில் லாபத்தின் பங்கு, ஆகவே 33.3 சதவீதம் என்றார். எட்டு வருடமாக இரண்டு சொற்களையும் ஒன்றாகவே புழங்கியிருந்த எனக்கு, மேலாளர்கள் கூட்டங்களில் பேசிய பல வாக்கியங்கள் அன்றுதான் விளங்கின.

அடுத்த வாரம் தள்ளுபடிக் கணக்கு. 60-க்கு வாங்கி 100-க்கு விற்கும் பொருளில் லாபம் 40. அதற்கு 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலை 80 ஆகும், லாபம் 20 ஆகிவிடும். முன்பு கிடைத்த அதே லாபத்தைக் கையில் பார்க்க, இப்போது இரண்டு மடங்கு எண்ணிக்கையில் விற்றாக வேண்டும். 10 சதவீதம் மட்டும் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்றால் போதும். 'ஆஃபர்' பலகையை ரேக்கின் மேல் மாட்டும் வேலையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அந்தப் பலகை என்னிடமிருந்து இரண்டு மடங்கு விற்பனையை எதிர்பார்த்துத்தான் தொங்குகிறது என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த ரேக்குக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் விட்டிருக்க மாட்டேன்.

அதே தாளில் சரக்கில் முடங்கும் பணத்தின் மீதான வருவாயைக் கணக்கிடும் முறையையும் படித்தோம். ஆண்டின் மொத்த லாபத்தைச் சராசரிக் கையிருப்பின் கொள்முதல் மதிப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். தோல் பைகளும் காலுறைகளும் வருடத்துக்கு ஒரே அளவாக 24,000-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பையில் மார்ஜின் 50 சதவீதம், லாபம் 12,000; காலுறையில் 25 சதவீதம், லாபம் 6,000. பைதான் உயர்ந்தது என்று கண் சொல்லும். ஆனால் பைக்காக எப்போதும் 10,000 மதிப்புள்ள சரக்கு அடுக்கில் கிடக்கிறது, காலுறைக்கோ 2,000 போதும். வகுத்துப் பார்த்தால் பைக்கு 1.2, காலுறைக்கு 3. போட்ட ஒவ்வொரு காசுக்கும் காலுறை இரண்டரை மடங்கு சம்பாதித்துக் கொடுக்கிறது. இதை எழுதிக் காட்டிவிட்டு ஆசிரியர், "இப்போது உங்கள் கடையில் வாசலுக்கு நேரே எது இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வகுப்பை முடித்தார். எங்கள் கடையில் பைகள்தாம் இருந்தன.

கொள்முதலுக்கு எவ்வளவு பணம் மீதம் இருக்கிறது என்று கண்டறியும் கணக்கும் இப்படித்தான். மாதத்துக்குத் திட்டமிட்ட விற்பனை 500, விலைக் குறைப்புக்கு ஒதுக்கியது 40, மாத முடிவில் இருக்க வேண்டிய கையிருப்பு 800. மூன்றையும் கூட்டினால் 1,340. அதிலிருந்து மாதத் தொடக்கக் கையிருப்பான 750-ஐயும், ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து வழியில் இருக்கும் 300-ஐயும் கழித்தால், புதிதாக வாங்க இடம் 290-க்குத்தான். 'சரக்கு கேட்டால் தலைமையகம் அனுப்புவதே இல்லை' என்று நானும் எட்டு வருடம் புலம்பியிருக்கிறேன். அவர்களிடம் அந்த மாதம் மீதம் இருந்தது இந்த 290 போன்ற ஓர் எண்தான் என்று தெரிந்திருந்தால், எதைக் கேட்பது, எதை விடுவது என்று யோசித்துக் கேட்டிருப்பேன். கடைத்தளத்திலிருந்து மேலே போக நினைப்பவருக்கு இந்தத் தாள் ஒரு மொழிப் பயிற்சி போன்றது. மேலே இருப்பவர்கள் பேசும் மொழி இதுதான்.

சரக்கு மேலாண்மைத் தாளும் ஏறத்தாழ இதே தரத்தில் இருந்தது. அதில் படித்த இரண்டு ஆய்வு முடிவுகள் என்னோடு தங்கிவிட்டன. ஒன்று, 2002-இல் வெளிவந்தது: உலக அளவில், வாடிக்கையாளர் தேடி வரும் பொருட்களில் சராசரியாக 8.3 சதவீதம் அடுக்கில் இருப்பதில்லை. அதற்கான காரணங்களில் பெரும்பகுதி கடைக்குள்ளேயே, அதாவது ஆர்டர் போடுவதிலும் அடுக்கை நிரப்புவதிலும்தான் இருக்கிறது. மற்றது 2008-இல் டிஹொரேஷியஸ், ராமன் என்ற இருவர் வெளியிட்டது: 37 கடைகளின் ஏறக்குறைய 3,70,000 கையிருப்புப் பதிவுகளைச் சரிபார்த்ததில் 65 சதவீதம் தவறாக இருந்தன. கணினி ஒரு எண்ணைச் சொல்கிறது, அடுக்கு வேறொன்றைச் சொல்கிறது.

இதைப் படித்த வாரத்தில் எங்கள் கடையில் டார்ச் பேட்டரி அடுக்கைப் போய்ப் பார்த்தேன். கொக்கிகள் காலியாக இருந்தன. கணினியில் கையிருப்பு 6 என்று காட்டியது. ஆறு இருப்பதாகக் கணினி நம்புகிறவரை அது புதிதாக ஆர்டர் போடாது. அடுக்கில் ஒன்றும் இல்லாததால் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்காததால் எண்ணும் குறையாது. அந்தப் பொருள் அப்படியே நாள்கணக்கில் செத்துக் கிடக்கும். கடைசியாக எப்போது விற்றது என்று பார்த்தால் பத்தொன்பது நாட்களுக்கு முன். கிடங்கில் தேடியதில் இரண்டு அட்டைகள் வேறொரு பெட்டிக்குப் பின்னால் விழுந்திருந்தன. மீதி நான்கு எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை. எண்ணைத் திருத்திய மூன்றாம் நாள் புதுச் சரக்கு வந்துவிட்டது. அதன் பிறகு, 'கையிருப்பு உண்டு, பத்து நாளாக விற்பனை இல்லை' என்ற நிபந்தனையில் ஒரு பட்டியலை வாரந்தோறும் எடுத்துக்கொண்டு அடுக்கடுக்காக நடப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். படிப்பால் என் கடைக்கு நேரடியாகக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

வரலாறு, இடத்தேர்வு, கோட்பாடுகள் எல்லாம் சேர்ந்த தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு விலையில் தொடங்கும் கடைகள் நாளடைவில் செலவும் விலையும் ஏறி, புதிய மலிவுக் கடைகளுக்கு இடம்விடும் என்று மெக்நேர் 1958-இல் சொன்ன 'சில்லறை வணிகச் சக்கரம்', இரண்டு ஊர்களுக்கு நடுவே இருப்பவர் எந்த ஊர்க் கடைக்குப் போவார் என்று ரெய்லி 1931-இல் எழுதிய ஈர்ப்பு விதி, அதைச் செப்பனிட்டு 1960-களில் ஹஃப் கொடுத்த நிகழ்தகவு மாதிரி என்று வரிசையாக வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடலாம். ஆனால் இந்தத் தாளைச் சுவையாக நடத்தியிருக்க முடியும் என்பதுதான் என் வருத்தம். 1852-இல் பாரிஸின் போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த பூசிகோ, பேரம் இல்லாத குறித்த விலையையும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் கொண்டுவந்தார். 1916-இல் மெம்ஃபிஸ் நகரில் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில், வாடிக்கையாளர் தாமே நடந்து போய்ப் பொருளை எடுக்கலாம் என்றானது. 1974 ஜூன் 26 அன்று ஓஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலம் பார்கோடு ஸ்கேனரைக் கடந்து போனது. பேரம் போனபோது பேரம் பேசத் தெரிந்த விற்பனையாளரின் வேலை மாறியது. வாடிக்கையாளர் கையாலேயே எடுத்தபோது எடுத்துக் கொடுப்பவரின் வேலை மாறியது. பார்கோடு வந்தபோது விலைகளை மனப்பாடமாக வைத்திருந்த கேஷியரின் பெருமை போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் கடையில் நிற்பவரின் வேலை என்னவாயிற்று என்று கேட்டிருந்தால் அது தலைமைத்துவத்துக்கான பாடமாகவும் இருந்திருக்கும். எங்களிடம் கேட்டதோ ஆண்டுகளைப் பொருத்துக என்ற வினா.

இடையில் ஒன்று. கல்லாப் பெட்டி இயந்திரத்தை 1879-இல் உருவாக்கிய ஜேம்ஸ் ரிட்டி, மதுக்கூடம் நடத்தியவர்; ஊழியர்கள் பணத்தை எடுத்துக்கொள்வதைத் தடுக்கவே அதைச் செய்தார், அதற்கு 'கறைபடியாத காசாளர்' என்ற பொருளில் பெயரும் வைத்தார். மூன்று வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள் என்ற முறையில், நான் தொட்ட கருவியே என்மீதுள்ள சந்தேகத்தில் பிறந்தது என்று தெரிந்துகொண்டதில் ஒரு சின்னக் குத்தல் இருந்தது.

இப்போது தலைமைத்துவத் தாளுக்கு வருகிறேன். படிப்பின் பெயரில் பாதி இடத்தை இதுதான் பிடித்திருக்கிறது. தரத்தில் கடைசி இடம் இதற்குத்தான். லெவினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1939-இல் வெளியிட்ட மூன்று வகைத் தலைமை பற்றிய ஆய்வில் தொடங்கினார்கள். அதிகாரம் செலுத்துபவர், கலந்து பேசுபவர், கண்டுகொள்ளாமல் விடுபவர் என்ற பிரிவு வசதியானதுதான். ஆனால் அந்த ஆய்வு நடந்தது பத்துப் பதினொரு வயதுச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களில் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு, ஊழியரின் முதிர்ச்சிக்கு ஏற்பத் தலைமை மாற வேண்டும் என்று 1969-இல் ஹெர்சியும் பிளாஞ்சார்டும் முன்வைத்த மாதிரி, தலைவர் முதலில் தன் கீழ் இருப்பவர்களுக்குச் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்று 1970-இல் கிரீன்லீஃப் எழுதிய சேவைத் தலைமை என்று போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டமோ சதுரமோ வரைந்து, 'நீங்கள் எந்த வகை?' என்று ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள். நான் மூன்று வினாத்தாள்களில் மூன்று வகையாக வந்தேன். நேரடி வகுப்பில் ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராகவும் ஒருவர் மேலாளராகவும் நடித்துக் காட்டினோம், நன்றாகச் சிரித்தோம்.

கோட்பாடுகளை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதத் தாளில் கடை ஒன்று எங்கேயும் வரவில்லை என்பதே என் குறை. கடையில் தலைமை என்பது மேடையில் பேசுவதல்ல. அது வாரா வாரம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்படுகிறது. அந்தத் தாளுக்கு ரோஸ்டர் என்று பெயர். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த நாள் ஆஃப், பண்டிகை வாரத்தில் யார் இரவு கடையை மூடுவது, யாரோடு யாரைச் சேர்த்துப் போடுவது என்பதையெல்லாம் அது சொல்லும். ஒரு மேலாளர் நியாயமானவரா, ஓரவஞ்சனை உள்ளவரா, கணக்கு தெரிந்தவரா, பயந்தவரா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே பழைய ஊழியர் ஒருவர் சொல்லிவிடுவார். ஓராண்டுப் படிப்பில் ரோஸ்டருக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்திலும், ஒரு மென்பொருளில் பெயர்களை இழுத்துக் கட்டங்களில் விடுவது எப்படி என்று காட்டினார்கள்.

நான் முதன்முதலாக ரோஸ்டர் போட்ட வாரம் இன்னும் நினைவில் இருக்கிறது. பதினொரு பேர், ஏழு நாள், இரண்டு ஷிஃப்ட். விற்பனை எண்களைப் பார்த்துச் சனிக்கிழமை மாலைக்கு ஆறு கேஷியர்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, பெருமையோடு ஒட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கேஷியர் ஒருவர் வந்து, தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அக்கா, போன மூணு சனிக்கிழமையும் நான்தான் மூடினேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தால் உண்மைதான். அவர் மறுத்துப் பேசாதவர் என்பதால், எனக்கு முன்பிருந்தவரும் மூடும் வேலையை அவர் தலையிலேயே கட்டியிருந்தார். என் கணக்கில் ஆறு பேர் என்ற எண் சரியாகத்தான் இருந்தது. யார் அந்த ஆறு பேர் என்பதில்தான் தவறிவிட்டேன். அன்று அந்தச் சனிக்கிழமையை நானே மூடினேன். இந்த ஒரு நிகழ்வில் மேலாண்மை எது, தலைமைத்துவம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது; ஆனால் படிப்பில் இரண்டும் இரண்டு ஆசிரியர்களின் இரண்டு தாள்கள்.

அந்தப் பிரிவினையின் விளைவை வகுப்பிலேயே பார்த்தேன். கணக்குத் தாளில் ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு விற்பனை என்று பார்ப்பதைப் படித்தோம். விற்பனை குறைந்தால் உழைப்பு நேரத்தைக் குறைத்து விகிதத்தைக் காப்பாற்றலாம் என்று ஒரு பயிற்சி இருந்தது. நான் கையைத் தூக்கினேன். ஆட்களைக் குறைத்தால் அடுக்கு நிரம்பாது, கிடங்கிலிருக்கும் சரக்கு வெளியே வராது, கையிருப்பு எண்களைச் சரிபார்க்க ஆளிருக்காது, ஆகவே விற்பனை மேலும் குறையும், அடுத்த மாதம் இன்னும் ஒருவரைக் குறைக்கச் சொல்வீர்கள், இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். ஆசிரியர் சிரித்து, "நல்ல கேள்வி, அது தலைமைத்துவத் தாளில் வரும்" என்றார். இரண்டு மாதம் காத்திருந்து தலைமைத்துவத் தாளில் கேட்டேன். அந்த ஆசிரியர், "அது செயல்பாட்டு மேலாண்மை ஆயிற்றே, கணக்குத் தாளில் வந்திருக்குமே" என்றார். படிப்பின் மொத்தக் குறையையும் ஒரே காட்சியில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

மின்வணிகத் தாள் காலத்தில் பின்தங்கியிருந்தது. இணையத்தில் வாங்கிக் கடையில் பெற்றுக்கொள்வது, இணையத்தில் வாங்கியதைக் கடையில் திருப்பித் தருவது ஆகிய இரண்டும்தான் இன்று கடைத்தளத்தின் தலைவலிகள். திரும்பி வரும் பொருள் யாருடைய விற்பனையில் கழியும், அதைப் பரிசோதித்து மீண்டும் அடுக்கில் வைக்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. காட்சிப்படுத்தல் தாள் ஒப்பேற்றத் தக்கது. எந்தப் பொருளை அடுக்கில் எங்கே வைப்பது என்று காட்டும் வரைபடமான பிளானோகிராமை வாசிக்கத் தெரியாதவருக்குப் பயன்படும், தெரிந்தவருக்கு நேர விரயம்.

செயல்திட்டம் இதற்கெல்லாம் ஈடுசெய்தது. பணிபுரியும் கடையிலேயே செய்யலாம் என்று அனுமதித்தார்கள். வழிகாட்டியாக வந்தவர் அதே கணக்கு ஆசிரியர். வாசலில் நுழைபவர்களை அரை மணிக்கு ஒருமுறை என இரண்டு வாரம் எண்ணி, அதே நேரத்துப் பில் எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். பகலில் நூறு பேர் நுழைந்தால் முப்பதுக்கு மேற்பட்ட பில்கள் விழுந்தன. மாலை ஆறு முதல் ஏழரை வரை, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, அது இருபதுக்கும் கீழே போனது. கூட்டம் அதிகமானால் வேடிக்கை பார்ப்பவர்களும் அதிகம் என்று எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். நான் ரோஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மதிய ஷிஃப்டின் இடைவேளை சரியாக ஆறு மணிக்குத் தொடங்கி, இருவர் இருவராக ஏழரை வரை போய்க்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ வகுத்தது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடைவேளையை ஐந்துக்குக் கொண்டுவருவது பற்றி ஊழியர்களிடம் பேசினேன். ஐந்து மணிக்குப் பசிக்காது என்று இருவர் சொன்னதால், அவர்களுக்கு ஏழரைக்குப் பின் என்று வைத்தோம். அடுத்த இரண்டு வாரங்களில் மாலை விகிதம் இருபத்தைந்தைத் தாண்டியது. பகல் அளவுக்கு வரவில்லை. வேடிக்கை பார்ப்பவர்களும் உண்மையாகவே இருக்கத்தான் செய்கிறார்கள்.

வேலைவாய்ப்பு உதவி என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். கடைசி மாதத்தில் எங்களுக்கு வந்தது, எவரும் தேடினால் கிடைக்கும் வேலை அறிவிப்புகளின் இணைப்புகள் அடங்கிய ஒரு பட்டியல். அவற்றில் மூன்றில் ஒன்றாவது ஏற்கெனவே காலாவதியானவை. கடையிலிருந்து வந்த எங்களுக்கு இதனால் நட்டமில்லை. கல்லூரியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள்தாம் ஏமாந்தார்கள். பட்டயம் வாங்கியதும் மேலாளர் நாற்காலி என்று நம்பியிருந்தவர்களுக்கு விற்பனை உதவியாளர் வேலைதான் முதலில் கிடைத்தது. அந்த வேலை கேவலமானதல்ல, எல்லோரும் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இந்தத் துறையில் ஏணி ஓரளவு தெளிவானது: விற்பனை உதவியாளர், சூப்பர்வைசர், பிரிவு மேலாளர், உதவி மேலாளர், கடை மேலாளர், பல கடைகளைப் பார்க்கும் பகுதி மேலாளர். பக்கவாட்டில் கொள்முதல், சரக்குத் திட்டமிடல், காட்சிப்படுத்தல், கிடங்கு என்று தலைமையகத்துக்குப் போகும் படிகள் உண்டு. எண்களில் ஆர்வம் உள்ளவர் சரக்குத் திட்டமிடலை யோசிக்கலாம். இந்தப் படிப்பு உண்மையில் அதற்குத்தான் அதிகம் தயார்படுத்துகிறது, பெயர் எதுவாக இருந்தாலும்.

ஆகவே, கடைத்தளத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது நின்றவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களிடம் கேள்விகள் இருக்கும், படிப்பு அவற்றுக்குப் பெயரும் சூத்திரமும் கொடுக்கும். நேராக வருபவர்கள் முதலில் ஒரு கடையில் பகுதி நேரமாகவாவது சேர்ந்துவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டுவது நல்லது. வகுப்பில் இரண்டு தரப்பினரும் கலந்திருந்தது எனக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும். விரிதாளில் சூத்திரம் எழுத அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், சரக்கு எண்ணும்போது எங்கே ஏமாறுவோம் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். எந்த நிறுவனத்தில் சேருவதானாலும், ஆசிரியர்களில் எத்தனை பேர் கடையையோ கொள்முதலையோ நடத்தியவர்கள் என்றும், செயல்திட்டத்தை உண்மையான கடையில் செய்ய முடியுமா என்றும், நேரடி வகுப்புகள் எந்தக் கிழமையில் என்றும், பட்டயத்தை மேற்படிப்புக்கு ஏற்பார்களா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தலைமைத்துவத் தாளின் வார வாரியான பாடத்திட்டத்தைக் கேளுங்கள்; அதில் ரோஸ்டர், இடைவேளை, விடுப்பு, புது ஊழியரின் முதல் வாரம் போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் வட்டங்களும் சதுரங்களும்தான் வரையப்போகிறீர்கள்.

எனக்கு உதவி மேலாளர் பதவி கிடைத்துவிட்டது. பட்டயத்தால் நேர்காணலுக்குள் நுழைந்தேன், இடைவேளைக் கணக்கைச் சொல்லி வேலையை வாங்கினேன். படிப்பு முடிந்ததும் வந்த கருத்துப் படிவத்தில் மேலே சொன்னவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். அடுத்த அணிக்கு ரோஸ்டர் பற்றி விருந்தினர் வகுப்பு ஒன்றை நானே எடுக்க முடியுமா, ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம் என்றார். மூன்று மணி நேரம் வேண்டும், அதுவும் வார நாளில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.